பிரசவ விடுதித் திறப்பு விழாவில் நான் பேசியது

மகன், ஸலாத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடிக்கும்போது உனக்கு என் மீது கோபம் வந்திருக்கலாம். கோபத்தோடு பதில் ஸலாம் சொல்ல வேண்டிய நிலைமையை உனக்கு வைக்க விருப்பமில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கொழும்பிலிருந்து கோல் எடுத்தாய். புதிய கம்பெனியில், ஊருக்கு உதவி செய்யும் கூட்டாண்மைச் சமூகப் பொறுப்புப் பிரிவை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றாய். அல்ஹம்துலில்லாஹ் என்றேன், மனமாரத்தான் சொன்னேன். பிறகு நீ சொன்னதுதான் ஒரு கிழமையாக என்னை விடவில்லை. "உம்மா, எங்கட வருசாந்த அறிக்கையில சுனாமியில தப்பின ஒரு தாயிட கதை போடப் போறம். என்ட உம்மாட கதையப் போடுவம் எண்டு நான் சொல்லிட்டன். ஒரு பந்தி எழுதி அனுப்புங்க. அந்தப் பழைய பிரச்சினையெல்லாம் வேணாம். வாசிக்கிற ஆக்களுக்கு மனசுக்கு நல்லா இரிக்கணும்." ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுதியும் பார்த்தேன். பழைய பிரச்சினையை எடுத்துவிட்டால், கடலில் புருஷனைப் பறிகொடுத்து யாரோ தந்த உதவியால் எழுந்து நின்ற ஒருத்தி மிஞ்சுகிறாள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவளைப் பற்றி எழுதுகிறேன், கேள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஏழு வயது. சாய்ந்தமருதுக் கடற்கரையில் இருந்த தேநீர்க் கடையைத் திறக்க வாப்பா காலையிலேயே போயிருந்தார். கடல் வந்து திரும்பியபின் கடையும் இல்லை, வீடும் இல்லை. மூன்றாம் நாள் வாப்பாவின் உடல் ஜனாஸாவாகத்தான் கிடைத்தது. நாங்கள் தங்கியிருந்த பாடசாலையில், ஒரு வகுப்பறை மூலையைச் சேலையால் மறைத்து எனக்கு இத்தா இருக்க இடம் செய்து தந்தார்கள். புருஷன் போனபின் நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவள் நான். இரண்டாம் மாதத்தில் ஒரு கம்பெனியின் லொறி வந்தது. அடுப்பு, சட்டி பானை, மெத்தை எல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். பட்டியலில் பெயர் உள்ளவர் நேரில் வந்து வாங்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்றார்கள். உன் மாமா போய், "தங்கச்சி இத்தாவில இரிக்கா தம்பி, நான் எடுத்துக் குடுக்கிறன்" என்று கெஞ்சினார். "படம் இல்லாட்டி மேலிடத்துக்குக் காட்ட ஏலாது காக்கா, அவங்கதான் வரணும்" என்றான் லொறியோடு வந்த கம்பெனிப் பிள்ளை. அவனும் யாரோ சொன்னதைச் செய்கிறவன்தான். உனக்குச் சமைத்துப் போட எனக்கு ஓர் அடுப்பு வேண்டியிருந்தது. தலையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தேன். "கொஞ்சம் சிரிங்க" என்றான். சிரித்தேன்.

அடுத்த வருஷம் அந்தப் படம் கம்பெனியின் கலண்டரில் வந்தது. கல்முனை பஸாரில் ஒரு பாமஸியில் தொங்கியதை மாமா கண்டு, கடைக்காரரிடம் சண்டை பிடித்துக் கழற்றிக்கொண்டு வந்தார். கீழே "மீண்டெழுந்த புன்னகை" என்று போட்டிருந்தார்கள். இத்தாவில் இருந்தவளின் முகத்தை ஊரெல்லாம் தொங்கவிட்டதற்கு ஒருவரும் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ஆனாலும் அடுப்பு நல்ல அடுப்பு. ஆறு வருஷம் அதில்தான் உனக்குச் சோறாக்கினேன். அதை நான் மறைக்கவில்லை, மறக்கவுமில்லை. தந்ததைப் பற்றி எனக்கு வழக்கில்லை. தந்த கையோடு அவர்கள் எடுத்துக்கொண்டு போனதைப் பற்றித்தான் வழக்கு.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அதே கம்பெனி திரும்பி வந்தது. றோட்டுத் திறந்தாயிற்று, சமாதானம் வந்தாயிற்று, கிழக்கை முன்னேற்ற வேண்டும் என்றார்கள். நிந்தவூருக்கு அப்பால் கணவாயும் இறாலும் துப்புரவாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலையொன்றைக் கட்டினார்கள். கலண்டர்ப் பெண்ணைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். உயர்தரம் படித்திருக்கிறேன், கொஞ்சம் இங்கிலீசும் தெரியும் என்று அறிந்ததும் சூப்பர்வைசர் வேலை தந்தார்கள். சந்தோஷப்பட்டேன். ஏன் படக்கூடாது? வாப்பா போனபின் யாருடைய கையையும் எதிர்பாராமல் நான் அரிசி வாங்கிய முதல் மாதம் அது. உன்னையும் கம்பெனியின் புலமைப்பரிசில் பிள்ளைகளில் ஒருவனாகச் சேர்த்தார்கள். அக்கரைப்பற்றில் நல்ல வாத்தியார்மாரிடம் நீ வகுப்புக்குப் போனது அப்படித்தான்.

எங்கள் மேசைகளில் சாய்ந்தமருது, மருதமுனை முஸ்லிம் பெண்களும் பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழ்ப் பெண்களும் ஒன்றாக நின்றார்கள். யுத்த காலத்தில் அவர்களுடைய ஊருக்குள்ளால் போக நாங்கள் பயந்தோம், எங்கள் ஊருக்குள்ளால் வர அவர்கள் பயந்தார்கள். இப்போது ஒரே தொட்டிக்குள் கை வைத்துக் கணவாய் கழுவினோம். அதைப் படமெடுக்க மாதம் தவறாமல் யாராவது வந்தார்கள். முக்காடும் பொட்டும் ஒரே படத்தில் விழுமாறு எங்களை மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். படமெடுப்பவர்கள் போனபின் பெண்கள் ஐஸ் தண்ணீருக்குள் வெறுங்கையை விடுவார்கள். கையுறை வெளிநாட்டுக்காரர் பார்க்க வரும் நாளில் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும். குளோரின் பட்டு விரல் நுனி வெடித்து, சோற்றில் உள்ள உப்புப் பட்டால் துடிப்பார்கள். கழிப்பறைச் சாவி என்னிடம் இருந்தது. காலையில் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை திறப்பேன். திறந்தவள் நான்தான் மகன், வேறு யாருமில்லை.

வாசலில் மூன்று பாஷையிலும் ஒரு பலகை மாட்டினார்கள். "எமது அக்கறையுடைய தரப்பினர்" என்று மேலே எழுதி, கொள்வனவாளர், பங்குதாரர், வழங்குநர், சூழல், சமூகம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். நீ பிறகு உயர்தரத்தில் வணிகக்கல்விப் புத்தகத்தில் அதையே பாடமாக்கிக்கொண்டு திரிந்தாய். மருதமுனை ஹயாத்தும்மா என்று ஒருத்தி இருந்தாள், வாயைத் திறந்தால் மூன்று மேசைக்குக் கேட்கும். பலகையை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள். "மிஸ், இதுல நாங்க எங்க இரிக்கம்?"

"சமூகம் எண்டு போட்டிரிக்கே, அதுதான்" என்றேன்.

"சமூகமெண்டா கேற்றுக்கு வெளியாலதானே. நாங்க உள்ளுக்கல்லவா நிக்கிறம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு அவளை மேசைக்குத் துரத்தினேன். இன்றைக்கு அப்படிப் பலகை எழுதும் நாற்காலியில் நீ இருக்கிறாய். அவளுடைய கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்கிறதா என்று பார்.

பாண்டிருப்பு யோகேஸ்வரியை நீ கண்டதில்லை. புருஷன் நெல் வெட்டுக்கும் சூடடிப்புக்கும் போகிறவர். கலியாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. ஐந்தாம் மாதத்தில் என்னிடம் வந்து, "மிஸ், ஐஸ் அறைப் பக்கம் நிலம் வழுக்குது, பயமாக் கிடக்கு. என்னைப் பொதி கட்டுற இடத்துக்கு மாத்துங்களன்" என்று கேட்டாள். அந்தக் கிழமை கப்பலுக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். "இந்தக் கிழமை மட்டும் சமாளி புள்ள, அடுத்த கிழமை மாத்திறன்" என்றேன். அந்த இடத்துக்கு றப்பர் விரிப்புப் போடச் சொல்லி நானே மனேஜரிடம் இரண்டு முறை கேட்டிருந்தேன். பார்ப்போம் என்றார், நானும் விட்டுவிட்டேன். வியாழக்கிழமை பகல், கணவாய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் ஐஸ் அறை வாசலில் வழுக்கி விழுந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடிப் போகும்போது, "பிள்ளை, மிஸ், பிள்ளை" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிள்ளை தங்கவில்லை.

மனேஜர் கெட்ட மனிதர் இல்லை. நோன்பு நாட்களில் எங்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பியவர். அன்று பின்னேரம் விபத்துப் படிவத்தை என் முன்னால் வைத்து, முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வீட்டில விழுந்ததா எழுதுங்க மிஸ். வேலைத்தள விபத்து எண்டு போனா வெளிநாட்டு ஓடர் நிண்டு போகும். இருநூறு குடும்பம் றோட்டுல நிக்கும். உங்கட மகன்ட படிப்பும் இரிக்கி." நான் எழுதினேன். "வீட்டில் வழுக்கி விழுந்து, சுகவீனத்துடன் வேலைக்கு வந்தார்" என்று என் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தேன். இருநூறு குடும்பத்துக்காக எழுதினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உனக்காக என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டுமே அரைவாசிதான் உண்மை. எனக்குப் பயமாக இருந்தது. மிச்சம் அரைவாசி அதுதான்.

இரண்டு மாதம் கழித்து, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியொன்றின் பிரசவ விடுதியைக் கம்பெனி திருத்திக் கொடுத்தது. சுவருக்கு இளநீலம், புதுக் கட்டில், தொட்டில், வாசலில் கம்பெனியின் பெயர். திறப்பு விழாவில் ஒரு பெண் நன்றி சொல்ல வேண்டுமாம், அதற்கு என்னைத் தெரிந்தெடுத்தார்கள். சுனாமியில் விதவையானவள், இன்றைக்குச் சூப்பர்வைசர், அவளுடைய மகன் புலமைப்பரிசில் பிள்ளை. பேச்சைக் கொழும்பிலிருந்தே எழுதி அனுப்பியிருந்தார்கள். "ஒவ்வொரு தாயின் பாதுகாப்பும் எங்கள் பொறுப்பு" என்று இரண்டாவது வரியில் இருந்தது. அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

விழாவுக்கு முதல் நாள் பாண்டிருப்புக்குப் போனேன். யோகேஸ்வரி கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் எழும்பவில்லை, இருங்க என்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டே, படிவத்தில் நான் எழுதியதைச் சொன்னேன். அவளுக்கு அது அதுவரை தெரியாது. கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் பிழிந்தாள். "நாளைக்கு மேடையில உண்மையச் சொல்லப் போறன். உன்ட பேரச் சொல்லாம விடட்டா?" என்று கேட்டேன்.

"ஏன் விடுறீங்க?" என்றாள். "என்ட பேரைச் சொல்லுங்க. நான் விழுந்த இடத்தையும் சொல்லுங்க."

மறுநாள் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். முன்வரிசையில் கம்பெனிப் பெரியவர்கள், டொக்டர்மார், வெளிநாட்டிலிருந்து வந்த கொள்வனவாளர் கம்பெனியின் பெண்ணொருத்தி. எழுதித் தந்த தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். "இந்தக் கட்டிலெல்லாம் நல்ல கட்டில். தந்ததுக்கு அல்லாஹ் கூலி குடுக்கட்டும்" என்று தொடங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். "ஆனா எங்கட பக்டரியில வேலை செஞ்ச யோகேஸ்வரிட பிள்ளை இந்தக் கட்டிலுக்கு வராது. அவ ஐஸ் அறை வாசல்ல வழுக்கி விழுந்தா. அங்க விரிப்பு இல்ல. மாத்தி விடச் சொல்லி என்னைக் கேட்டா, நான் மாத்தல்ல. வீட்டில விழுந்தா எண்டு பொய் எழுதினதும் நான்தான்." யாரோ ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. அந்த வெளிநாட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன என்ன என்று கேட்டாள், அவர் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீசில் அவளுடைய முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். அவள் எழுந்து நின்று, அந்த இடத்தை இப்போதே பார்க்க வேண்டும் என்றாள்.

திங்கட்கிழமை என் வேலை போனது. புதன்கிழமை உன்னுடைய புலமைப்பரிசிலை நிறுத்திக் கடிதம் வந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. "வாயப் பொத்திட்டு இரிக்க ஏலாதா உம்மா? என்ட படிப்பில மண்ணள்ளிப் போட்டுட்டீங்க" என்று கத்திவிட்டு, மூன்று நாள் என்னோடு கதைக்காமல் இருந்தாய். இன்றுவரை அந்த மூன்று நாளைப் பற்றி நாம் இருவரும் பேசியதில்லை. இப்போது சொல்கிறேன். அதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அன்றும் கேட்கவில்லை, மவுத்தாகும் வரைக்கும் கேட்க மாட்டேன். ஒரு பிள்ளையின் மரணத்தை மறைத்த கூலியில் என் பிள்ளை படிக்க வேண்டியதில்லை. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தேன், நீ படித்தாய், பாஸானாய். கொஞ்சம் பிந்தினாய், அவ்வளவுதான்.

உனக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. நீ என்னோடு கதைக்காமல் இருந்த அதே நாட்களில் ஹயாத்தும்மா தொழிற்சாலைக் கேற்றுக்கு வெளியே போய் நின்றாள். "நாங்கதானே சமூகம், சமூகம் வெளியாலதான் நிக்கும்" என்று காவலாளிக்குச் சொன்னாளாம். அவளுக்குப் பக்கத்தில் காரைதீவுப் பெண்கள் வந்து நின்றார்கள், பிறகு எல்லாரும் நின்றார்கள். படமெடுக்க ஒருவரும் வரவில்லை. நான்காம் நாள் விரிப்பு வந்தது. கையுறை வந்தது, கழிப்பறைக் கதவிலிருந்து பூட்டையே கழற்றி எடுத்தார்கள், பிள்ளை சுமக்கும் பெண்களை ஐஸ் அறைப் பக்கம் போடுவதில்லை என்று எழுதி ஒட்டினார்கள். ஓடர் நிற்கவில்லை. இருநூறு குடும்பமும் றோட்டில் நிற்கவில்லை. அடுத்த வருஷ அறிக்கையில் அந்த விரிப்புக்கும் கையுறைக்கும் வண்ணப் படம் போட்டு, "ஊழியர் நலனில் எமது அக்கறை" என்று எழுதியிருந்தார்கள். ஹயாத்தும்மா அதைக் கொண்டுவந்து காட்டி வயிறு குலுங்கச் சிரித்தாள். எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். விரல்கள் ஆறிவிட்டன, அது போதும்.

உன் கம்பெனி அந்தக் கம்பெனியல்ல என்று எனக்குத் தெரியும். எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. நீ கெட்டவன் என்றும் சொல்லவில்லை. அந்த மனேஜரும் கெட்டவரில்லை, நானும் கெட்டவளில்லை, ஆனாலும் அந்தப் படிவம் எழுதப்பட்டது. அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கதிரை கொடுக்கப் போகுமுன் உன் கம்பெனியின் சொந்தத் தொழிற்சாலைக்குப் போ. முன்கூட்டிச் சொல்லாமல் போ. மேசையில் நிற்பவளின் கையைப் பார், அவள் எத்தனை முறை என்ன கேட்டாள், யார் பார்ப்போம் என்றார்கள் என்று விசாரி. பிறகு மேடை போடு. உன் அறிக்கையில் என் கதை வேண்டுமென்றால் இதுதான் என் கதை. மேலிடத்துக்குப் பிடிக்காவிட்டால் வேறு தாயைத் தேடச் சொல். இதற்காக உன் வேலை போனால் தலையைக் குனியாமல் வீட்டுக்கு வா. வேலை போன வீடு எப்படி இருக்கும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும், செத்தா போனோம்?

கடைசியாக ஒன்று. மேடையில் பேசியதோடு என் பங்கு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். யோகேஸ்வரி விடவில்லை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு, "நீங்கதான் சாட்சி" என்று ஆளனுப்பினாள். போனேன். அதிகாரி படிவத்தைக் காட்டி, இது யாருடைய கையெழுத்து என்று கேட்டார். என்னுடையது என்றேன். "இது பொய் எண்டு நீங்க சொன்னா உங்களுக்கு எதிராவும் திரும்பலாம், தெரியும்தானே? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "யோசிக்காமத்தான் சேர் அதுல கையெழுத்து வெச்சன். இப்ப யோசிச்சுட்டுத்தான் வந்திரிக்கன். எழுதுங்க" என்றேன். வழக்கு தவணைக்குத் தவணை தள்ளிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் அந்தப் படிவம் திருத்தப்பட்டது, அவள் வேலை செய்யும்போதுதான் விழுந்தாள் என்று அரசாங்கப் பதிவில் ஏறியது.

சாட்சி சொன்ன அந்த முதல் நாள் திணைக்களத்திலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, என்னை மன்னிப்பாயா என்று யோகேஸ்வரியிடம் கேட்டேன். அவள் பஸ் வருகிறதா என்று றோட்டை எட்டிப் பார்த்தாள்.

"மன்னிக்கிறதா இல்லையா எண்டு நான் இன்னும் யோசிக்கல்ல அக்கா. நீங்க அடுத்த தவணைக்கும் வாங்க."

ஒரு தவணையும் விடாமல் போனேன் மகன்.

துஆவோடு,
உன் உம்மா